அஞ்சு மில்லிமீட்டர்

ராஜபாளையத்தில் ஒரு குடும்பம். அப்பாவுக்கு சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி வியாபாரம். அம்மா, அப்பத்தா, காலேஜ் முடித்துவிட்டு அப்பாவுக்குக் கணக்கு எழுதும் மகன், பிளஸ் ஒன் படிக்கும் மகள். வீட்டு வாசலில் 2012 மாடல் இன்னோவா ஒன்று நிற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கல்யாணம், காதுகுத்து, குலசாமி கோயில், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுதான். சில நாள் பின் சீட்டை மடக்கிவிட்டு பேண்டேஜ் பண்டலும் போகும்.

மகனுக்கு அந்த வண்டியில் ஒரே ஒரு குறை. சக்கரம் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறதாம். பக்கத்துத் தெருவில் நிற்கும் வண்டிகளில் டயர் பாடியோடு ஒட்டி, தோளை விரித்து நிற்கும் பயில்வான் மாதிரி இருக்கிறதாம். இது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதாம். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" இதுதான் அவர் பதில்.

போன சீசனுக்கு முன்னால் வெளியூரில் ஒரு கடையில் பழைய அலாய் வீல் செட் ஒன்று பதினாலாயிரத்துக்குக் கிடைத்தது. துளைகளின் வட்டம் சரியாக இருந்தது. இன்னோவாவுக்கு அஞ்சு துளை, 114.3 மில்லிமீட்டர் வட்டம். ஆனால் மாட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முன் சக்கரம் உள்ளே உரசியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு அலுமினியத் தகடுகளை எடுத்தார். "ஸ்பேசர் தம்பி. அஞ்சு மில்லிமீட்டர்தான். நடுவுல வச்சு முடுக்கிட்டா சக்கரம் வெளிய வந்துடும். உரசாது, லுக்கும் வந்துடும்." ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் :-)

கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ர் என்று அஞ்சு நட்டையும் முடுக்கினான். வேலை பத்தே நிமிஷத்தில் முடிந்தது. தகட்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

அடுத்த ஞாயிறு குற்றாலம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டே போகலாம். சாரல் காற்று. எல்லோருக்கும் நல்ல மூட். வாசுதேவநல்லூர் தாண்டியதும் ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம். ரோடு சரியில்லை என்றார் அப்பா. கொஞ்ச தூரத்தில் "டக்... டக்..." என்று சத்தம். பாட்டைக் குறைக்கச் சொன்னது அப்பத்தாதான்.

"ஏப்பா, வண்டிய நிறுத்து. கடையாணி கழண்ட வண்டி இப்படித்தான் சத்தம் போடும்."

அப்பத்தா சின்ன வயதில் பருத்தி மூட்டை மேல் உட்கார்ந்து மாட்டு வண்டியில் போனவர். இன்னோவாவில் ஏது கடையாணி என்று பேத்தி சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. புளியங்குடிக்கு முன்னால் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார்.

இடது முன் சக்கரத்தில் ஒரு நட்டைக் காணவில்லை. இரண்டு நட்டு கையால் சுற்றினாலே சுற்றியது. மீதி இரண்டில்தான் ஆறு பேரும் அங்கே வரைக்கும் வந்திருக்கிறார்கள். ஆறாவது ஆள் அம்மாவின் தங்கை பையன், மூன்று வயது. அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பா யாரையும் திட்டவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. மகனுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

ஒரு பக்கம் ஸ்டெப்னி மாட்டலாம். இன்னொரு பக்கமும் அதே தகடுதானே? சித்தப்பா லோடு ஆட்டோவில் பழைய வீல்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கழற்றி, பழையதை மாட்டி வீடு திரும்பும்போது மணி நாலு. குற்றாலத்துக்குப் போகவே இல்லை.

சரி, இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. அஞ்சு மில்லிமீட்டர் தகடு எப்படி ஒரு சக்கரத்தைக் கழற்றும்? தகடு உடையவில்லை, வளையவும் இல்லை. அப்படியே புதுசாக இருந்தது.

மறுநாள் மகன் அந்தத் தகட்டையும் ஒரு அலாய் வீலையும் வண்டியில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். அங்கே ஒரு லேத் பட்டறை. வைத்திருப்பவர் அறுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. மகன் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நட்டு எத்தனை சுத்து ஏறுச்சு?"

யாருக்குத் தெரியும்? அண்ணாச்சி அங்கேயே, பட்டறை வாசலில், இன்னோவாவின் சக்கரத்தைக் கழற்றி, தகட்டையும் அலாயையும் மாட்டி, கையால் நட்டைச் சுற்றிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. அவ்வளவுதான். நட்டு போய் உட்கார்ந்துவிட்டது.

"போல்ட்டு எவ்வளவு தடிமனோ, அவ்வளவு நீளமாவது மரை நட்டுக்குள்ள இருக்கணும் தம்பி. இது 12 மில்லிமீட்டர் போல்ட்டு. மரைக்கு மரை ஒன்றரை மில்லிமீட்டர். அப்ப எத்தனை சுத்து?"

எட்டு. கணக்கு எழுதுகிற பையன், உடனே சொல்லிவிட்டான். அஞ்சு மில்லிமீட்டர் தகடு வைத்தால் அதிலேயே மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். கேட்கும்போது சின்ன எண். இருப்பதே எட்டு என்றால் அது சின்ன எண் இல்லை.

அடுத்து அவர் சொன்னது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். வண்டியின் கனத்தை அந்த அஞ்சு போல்ட் நேரடியாகத் தாங்குவதில்லை. நட்டை முடுக்கும்போது போல்ட் ரப்பர் மாதிரி துளி நீளும். நீண்ட போல்ட் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. சரியாக முடுக்கிய 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று கிட்டத்தட்ட 4 டன் விசையோடு அழுத்தும். அஞ்சும் சேர்ந்தால் 20 டன். அந்த அழுத்தத்தில் உண்டாகும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது.

அழுத்தம் குறைந்தால்? சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவு பக்கவாட்டில் நகரும். அப்படி நகர நகர, நட்டு தானாகவே பின்னால் சுற்றிக் கழலும். இதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யூங்கர் 1969-ல் சோதனை செய்தே காட்டினார். மேலும் கீழும் ஆட்டுவதைவிட, பக்கவாட்டில் ஆட்டினால்தான் நட்டு வேகமாகக் கழலும் என்று அவர் நிரூபித்தார். அப்பத்தாவுக்கு யூங்கரைத் தெரியாது. சத்தம் தெரிந்திருந்தது.

அப்படியானால் ஸ்பேசரே போடக் கூடாதா? அண்ணாச்சி அப்படிச் சொல்லவில்லை. போட்டால் எப்படிப் போட வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார்.

ஒன்று, தகடு அந்த வண்டிக்கென்றே கடைந்ததாக இருக்க வேண்டும். இன்னோவா ஹப்பின் நடுவில் 60.1 மில்லிமீட்டரில் ஒரு உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை நடு மையத்தில் உட்கார வைப்பது அதுதான். இவன் வாங்கிய தகட்டில் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நீள நீளமாகத் துளை, நடுவில் பெரிய ஓட்டை. அது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்தாது. போதாக்குறைக்கு, தகட்டின் தடிமன் அந்த உதட்டையும் விழுங்கிவிடும். மையம் தவறினால் ஸ்டியரிங் நடுங்கும்.

இரண்டு, மெல்லிய தகடு போட்டால் போல்ட்டையும் மாற்ற வேண்டும். பழைய போல்ட்டை ஹப்பிலிருந்து தட்டி எடுத்துவிட்டு, அதே மரை, அதே தரத்தில் நீளமானதை அழுத்தி ஏற்ற வேண்டும். 20 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும் என்றால் வேறு வகை இருக்கிறது. அதில் தகடு தனி நட்டுகளால் ஹப்போடு இறுகும், சக்கரம் தகட்டில் இருக்கும் போல்ட்டில் மாட்டும். அதிலும் பழைய போல்ட்டின் முனை தகட்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் சக்கரம் அந்த முனையில் உட்காருமே தவிர தகட்டில் படியாது.

மூன்று, இரண்டு முகமும் சுத்தமாக இருக்க வேண்டும். துரு, பெயின்ட், மண் எதுவும் கூடாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நடுவில் மாட்டிய துருத் துகள் நாலு நாளில் பொடியாகிவிடும். அது இருந்த இடம் காலி. நட்டும் லூஸ். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகட்டை அடுக்குவது அடியோடு கூடாது.

நாலு, நட்டின் முகம். சில சக்கரத்துக்குக் கூம்பு நட்டு, சிலதுக்குத் தட்டை நட்டு. அலாய் மாற்றும்போது இதைப் பலரும் பார்ப்பதில்லை. கூம்புத் துளையில் தட்டை நட்டு போட்டால் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கும்.

அஞ்சு, முடுக்குவது. முதலில் கையால். பிறகு நட்சத்திரம் வரைகிற மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று. கடைசி முடுக்கு, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியபின், டார்க் ரெஞ்சில். இந்த அளவு போல்ட்டுக்குப் பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அரை மீட்டர் கைப்பிடியின் முனையில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் என்ன விசையோ, அவ்வளவுதான். அதற்காக ஏறி நின்று மிதித்தால் போல்ட் நீண்டு செத்துவிடும். மரையில் எண்ணெய் தடவினால் அதே முடுக்கில் இழுப்பு கூடிவிடும், அதுவும் ஆபத்து. 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர்கள் மறப்பதும், வீட்டுக்காரர்கள் சோம்பல்படுவதும் இந்தக் கடைசி வேலையைத்தான்.

எல்லாம் சொல்லிவிட்டு அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார். "இவ்வளவும் பண்ணலாம் தம்பி. ஆனா எதுக்கு?"

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில பாக்கிகள் இருக்கும். சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்குக்கு நெம்புகோல் நீளுகிறது. தேய்மானம் கூடும். ஸ்டியரிங் கனம் மாறும். டயர் பாடிக்கு வெளியே வந்தால் கல்லையும் சேற்றையும் பின்னால் வருகிறவர் மேல் அடிக்கும். ஏழு பேர் ஏறினால் மட்கார்டில் உரசும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே படித்துத் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று வைத்தார்கள். ஜெர்மனியில் ஸ்பேசருக்கே சான்றிதழ் வேண்டும், மாட்டியபின் பரிசோதனையும் உண்டு. நம்மூரில் கவுன்ட்டரில் காசு கொடுத்தால் கையில் தகடு. மாட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்பவர்கள் எத்தனை பேர்?

இன்ஷூரன்ஸ் விஷயம் பி.காம் படித்தவர்களுக்குப் புதிதில்லை. இரண்டு தரப்பும் எதையும் மறைக்கக் கூடாது என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அடிப்படை. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்கு அப்புறம் கிளெய்ம் மேஜையில் வந்து உட்காரும்.

மகன் வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினான். அலாய் 14,000. தகடு 1,200. லோடு ஆட்டோ, புளியங்குடி மெக்கானிக், புது போல்ட், நட்டு எல்லாம் 2,600. மொத்தம் 17,800. அலாயை விற்றதில் வந்தது 11,000. நிகர நஷ்டம் 6,800. அந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருந்தான். அம்மா மடியில் தூங்கின பையனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுநாள் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வந்து மகன் கையில் கொடுத்தார். இப்போது இன்னோவாவில் பழைய வீல்தான். கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஆனால் வெளியூர் கிளம்பும் காலையில் மகன் நாலு சக்கரத்தையும் ஒரு சுற்று பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை.

ஆடிப்பூரத்துக்கு எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் போனார்கள். கூட்டம் முழுக்கத் தேரின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்பத்தா மட்டும் பேரன் தோளைத் தட்டிக் கீழே காட்டினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற ஆட்களை.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

உங்கள் வீட்டு வண்டியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள் மக்களே. நட்டு எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்று தெரியுமா?