கல்லறைத் தோட்டத்து ஆமைக்குஞ்சு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டுப் பழமொழி. அமீனாவை நான் கண்டதில்லை. ஆனால் ஏழு மாத காலம் என் பங்கு இல்லத்தின் சமையலறை மேசை மீது ஓர் ஆமை குடியிருந்தது. வீடு உருப்பட்டதா, இல்லையா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்திலுள்ள ஒரு சிறு பங்கில் பணியாற்ற 2019-ஆம் ஆண்டு நான் அனுப்பப்பட்டேன். மலையும் காடும் சூழ்ந்த ஊர். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் அங்கு ஒரு மூதாட்டியை அடக்கம் செய்தோம். பெற்றோர் அருகில் இல்லாத தன் பேரனை வளர்த்து வந்தவர் அவர். செபங்கள் முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்த வேளையில், ஏழு வயதான அப்பேரன் கல்லறைத் தோட்டத்தின் வேலி ஓரத்திலிருந்து ஓடி வந்து, மூடிய கையை என் முன் நீட்டித் திறந்தான். உள்ளங்கையில், நம் பழைய ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியதாக, ஓர் ஆமைக்குஞ்சு. "பாட்டிக்கு இவை மிகவும் பிடிக்கும், ஃபாதர். நீங்கள் வளர்ப்பீர்களா?" என்றான். அன்று அந்தப் பிள்ளை கேட்ட எதையும் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்கி அங்கியின் பையில் வைத்துக் கொண்டேன்.

உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டான். 'ஆமை' என்றேன். அவன் காதில் அது 'ஆமென்' என்று விழுந்தது. அதுவே அதன் பெயராக நிலைத்தது.

கடற்கரையில் பிறந்தவனாகிய எனக்கு ஆமை என்றால் கடலாமைதான். இதுவோ வேறு இனம். ஆங்கிலத்தில் 'பாக்ஸ் டர்ட்டில்', அதாவது பெட்டி ஆமை, என்பார்கள். குளத்து ஆமைகளின் குடும்பத்தைச் சேர்ந்தாலும் வாழ்வது காட்டுத் தரையில். வட கரோலினா 1979-இல் இதனைத் தன் மாநில ஊர்வனவாக அறிவித்தது. இதன் வயிற்றோட்டின் குறுக்கே கீல் போன்றதோர் அமைப்பு உண்டு. ஆபத்து நேர்கையில் தலையையும் கால்களையும் உள்ளிழுத்து, ஓட்டை முன்னும் பின்னும் மேலே மடித்து, பெட்டியைப் போல் முற்றிலும் மூடிக் கொள்ளும். ஐம்பொறிகளை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டினார். அவர் இந்த ஆமையைக் கண்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார். ஆனால் பிறந்த குஞ்சுக்கு அந்தக் கீல் வேலை செய்வதில்லை. அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். அதுவரை மூட முடியாத பெட்டிதான் அது. காகம், பாம்பு, ராக்கூன் என எதன் வாய்க்கும் இலகுவான இரை.

நான் அதை ஒரு பிளாஸ்டிக் தட்டில் இட்டு, கீரை இலையையும் ஆப்பிள் துண்டையும் வைத்தேன். முதல் நாள் தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. அலுவலகத்தில் தபால் எடை பார்க்கும் தராசில் நிறுத்தேன்: ஒன்பது கிராம். ஆறாம் நாள் எட்டு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அச்சிறுவன் வாசலில் நின்று, "ஆமென் சாப்பிட்டதா?" என்று கேட்டபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

எங்கள் பங்கில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். காயமுற்ற காட்டுயிர்களைப் பேணுவதற்கு உரிமம் பெற்றவர். அவரிடம் ஓடினேன். குஞ்சைக் கையில் வாங்கித் திருப்பி, வயிற்றில் மஞ்சள்கரு ஒட்டியிருந்த தழும்பைக் காட்டி, "பிறந்து சில வாரங்களே ஆகின்றன. இந்த வயதில் இது இலை தின்னாது, ஃபாதர். அசைவதைத்தான் தின்னும்" என்றார். தம் தோட்டத்துச் சருகைக் கிளறி ஒரு மண்புழுவை எடுத்து, சிறு துண்டாக நறுக்கி அதன் முன் இட்டார். துண்டு நெளிந்தது. குஞ்சு கழுத்தை நீட்டி, ஒரு கண்ணால் உற்று நோக்கி, பாய்ந்து கவ்வியது. ஓர் ஆமை பாய்வதை அன்றுதான் கண்டேன்.

அதன்பின் அவர் என்னைக் கடிந்து கொண்டார். இந்த ஆமை பெரும்பாலும் இருநூறு, முந்நூறு மீட்டர் வட்டத்துக்குள்ளேயே தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கும். எந்தப் புதரில் பழம் பழுக்கும், எந்த மரத்தடியில் காளான் முளைக்கும், குளிர்காலத்தில் எங்கு மண்ணுக்குள் உறங்கலாம் என்பதெல்லாம் அதற்கு அத்துபடி. முப்பது, நாற்பது ஆண்டுகள் சாதாரணமாக வாழும். நூறாண்டைத் தாண்டியவையும் உண்டு என்பர். பெண் ஆமை ஒரு முறைக்கு நான்கைந்து முட்டைகளே இடும். அவற்றில் பிழைத்து வளர்பவை மிகச் சில. ஆகையால், வளர்ந்த ஆமை ஒன்றைக் காட்டிலிருந்து எடுத்துச் செல்வது பல ஆண்டுகளின் குஞ்சுகளையும் சேர்த்து எடுத்துச் செல்வதாகும். "வேறிடத்தில் கொண்டு போய் விட்டால்?" என்று கேட்டேன். "பிறந்த இடத்தைத் தேடியே அலையும். சாலையைக் கடக்கும், அடிபடும்" என்றார்.

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. காரணம் உண்டு. நான் இங்கு வந்த முதற் கோடையில், சாலை நடுவே மெல்ல நடந்து கொண்டிருந்த பெரிய ஆமை ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். ஆரஞ்சு நிறக் கோடுகளும் சிவந்த கண்களும் கொண்டது. ஆமைக்கு நீர்தானே வேண்டும் என்ற கடற்கரை அறிவோடு, அதனை எட்டு மைல் தொலைவிலுள்ள ஓர் ஏரிக்குக் கொண்டு சென்று கரையில் விட்டேன். அன்றிரவு, ஓர் உயிரைக் காத்த மனநிறைவோடு உறங்கினேன். அது போய்க் கொண்டிருந்த திசையிலேயே சாலையின் மறுபுறம் எடுத்து வைத்திருந்தால் போதும். என்னைவிட அதற்கு வயது மிகுந்திருக்கலாம். அதன் வீட்டிலிருந்து அதனை நாடு கடத்திவிட்டேன்.

உறைபனி தொடங்கியிருந்தது. குஞ்சோ மெலிந்திருந்தது. குளிர்காலம் கழியும் வரை, அவருடைய மேற்பார்வையில், நான் வைத்துக் கொள்வது என்றும், இளவேனிலில் எடுத்த இடத்திலேயே விடுவது என்றும் முடிவாயிற்று. பெரிய பெட்டி ஒன்றில் மண் நிரப்பி, ஈரப் பாசியும் சருகும் பரப்பினோம். ஒரு மூலையில் வெப்ப விளக்கும், சூரிய ஒளிக்கு ஈடாகப் புற ஊதாக் கதிர் விளக்கும். தாழ்ந்த தட்டில் நீர். ஓடு உறுதிப்படக் கணவாய் ஓட்டைச் சுரண்டி உணவில் தூவச் சொன்னார். கிளிகளுக்கென்று கடையில் விற்கிறார்கள். எங்கள் ஊர்க் கரையில் காலில் மிதிபடும் பொருளை நான் டாலர் கொடுத்து வாங்கினேன்.

சனவரியில் சோதனை வந்தது. வெப்பமூட்டும் பொறி ஓயாது ஓடி வீட்டின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. குஞ்சின் கண்ணிமைகள் வீங்கி மூடிக் கொண்டன. பார்க்க முடியாததால் உண்ணவும் இல்லை. கால்நடை மருத்துவர் சோதித்து, வைட்டமின் ஏ குறைவும் வறட்சியும் காரணம் என்றார். மருந்து கொடுத்தார். நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் விழுதை மண்புழுவில் தடவி ஊட்டினேன். இவ்வயதில் ஒரு குருவானவர் காலைச் செபத்துக்கு முன் மண்புழுவுக்குக் கிழங்கு தடவும் காட்சியை என் குருமட ஆசிரியர்கள் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! பன்னிரண்டாம் நாள் இடக் கண் திறந்தது. மறுநாள் வலக் கண்.

சிறுவன் ஞாயிறுதோறும் வந்தான். தொடும் முன்பும் பின்பும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும் என்பது கட்டளை. ஆமைகளிடமிருந்து சால்மொனெல்லா என்னும் வயிற்றுநோய்க் கிருமி பிள்ளைகளுக்குத் தொற்றும். அதனாலேயே ஏறத்தாழ பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதை அந்நாடு 1975-இல் தடை செய்தது. ஒரு நாள் கையைத் துடைத்துக் கொண்டே கேட்டான்: "இதன் அம்மா இதைத் தேடாதா?"

துயருற்றோரைத் தேற்றும் முறையைக் குருமடத்தில் கற்றவன் நான். 'தேடும், காத்திருக்கும்' என்று சொல்வது எளிது. சொல் நாவின் நுனி வரை வந்தது. ஆனால் இப்பிள்ளை உண்மையும் பொய்யும் பிரித்தறியும் வயதை, வயதுக்கு முன்பே அடைந்தவன். "இல்லை. தாய் கோடையின் தொடக்கத்தில் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சை ஒருபோதும் பார்ப்பதில்லை" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தான். "அப்படியானால் இதற்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" "யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது." அவன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரன்" என்றான். ஆணா பெண்ணா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. முட்டை கிடந்த மண் குளிர்ந்திருந்தால் ஆண், வெம்மையாக இருந்தால் பெண். வெளித் தோற்றத்தில் புலப்படப் பல ஆண்டுகள் ஆகும்.

2023 மே மாதத்தில் எடை முப்பத்தொரு கிராம். நாள் குறித்தோம். அன்று சிறுவன் பெட்டியை மார்போடு அணைத்துக் கொண்டு, தர மாட்டேன் என்றான். "நீங்கள் வளர்ப்பதாகச் சொன்னீர்கள், ஃபாதர்." சொன்னது உண்மை. பிறரது பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப் பழகிய நான், கல்லறைத் தோட்டத்துக் கற்பலகையில் அவனருகே அமர்ந்து, ஏரிக்கரையில் விட்ட ஆமையின் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

"அது வீடு திரும்பியதா?"

"திரும்பியிராது என்றுதான் நினைக்கிறேன்."

என் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து, பெட்டியுடன் வேலியை நோக்கி நடந்தான். அக்டோபரில் தான் எடுத்த இடம் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மட்கிய மரத்துண்டு ஒன்றின் அருகே, சருகின் மீது இறக்கி வைத்தான். இருபது நிமிடம் அது அசையவில்லை. கொசுக்கடியில் நாங்கள் அமர்ந்திருந்தோம். பின்னர் கழுத்தை நீட்டிற்று. ஓர் இலையின் அடியில் தலையை நுழைத்தது, தோளை நுழைத்தது. நாங்கள் குனிந்து பார்த்தபோது சருகு மட்டுமே இருந்தது.

வேலி ஓரத்தில் பத்தடி அகலத்துக்குப் புல்வெட்டும் இயந்திரம் செல்லலாகாது என்று அன்றே சொல்லி வைத்தேன். புதர் மண்டிக் கிடப்பது கல்லறைத் தோட்டத்துக்கு அழகன்று எனப் பங்குப் பேரவையில் ஒருவர் இருமுறை முறையிட்டார். இரண்டு முறையும் அந்த ஆசிரியை எழுந்து பதில் சொன்னார். புதர் அப்படியே இருக்கிறது.