பழைய மணி, புது மணி

தீபகற்ப மலேசியாவில் ஐம்பதைத் தாண்டிய எங்கள் தலைமுறைக்கு வாழ்நாளில் ஓர் அரை மணி நேரம் வராமலே போயிற்று. 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11.30 ஆனதும் கடிகாரங்களை 12-க்குத் தள்ளி வைத்தார்கள். அதுவரை சபாவும் சரவாக்கும் தீபகற்பத்தைவிட அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. நாடு முழுக்க ஒரே மணி ஓடட்டும் என்று, அந்த ஆண்டு ஜூலையில் பிரதமரான மகாதீர் முகமதுவின் அரசு முடிவெடுத்தது. சிங்கப்பூரும் அதே இரவில் மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் தமிழ்நாட்டில் காலை 8 என்றால் இங்கே 10. மறுநாளிலிருந்து இரண்டரை மணி வித்தியாசம்.

அப்போது நாங்கள் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தோம். கிள்ளானிலிருந்து பந்திங் போகிற பஸ்ஸில் ஏறி, சீனர் புதுக்கிராமத்துக் கடைகளுக்கு முன்னால் இறங்கி, மண் சாலையில் நடந்தால் தோட்டம் வரும். ஒரு பக்கம் செம்பனை வந்துவிட்டது. இன்னொரு பக்கம் கித்தாமரம் இன்னும் நின்றது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள்.

கித்தாமரத்துக்கு என்று ஒரு நேரம் உண்டு. விடியற்காலைக் குளிரில்தான் பட்டைக்குள் பால் அழுத்தமாக இருக்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு. பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைந்தால், மரத்துக்கு மரம் பட்டையை மெல்லிசாகச் சீவிவிட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. மேலோடு போனால் பால் வராது. கடைசி மரம் வெட்டி முடித்துப் பசியாறிவிட்டு, மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிப்போய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. பிள்ளைகள் எங்களுக்குக் கொண்டாட்டம். அம்மா அடுப்படியில் சம்பளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

புது மணி வந்தபோது சூரியன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பழைய மணி ஆறரைக்கு விடிந்தது புது மணியில் ஏழுக்கு விடிந்தது, அவ்வளவுதான். தோட்டத்துக் கிராணியார் தன் கைக்கடிகாரத்தை முன்னே தள்ளினார், பெரட்டு மணியைப் பின்னே தள்ளினார். ஆனாலும் லயத்தில் ஒரு வருஷம் போலக் குழப்பம் ஓடியது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம்கூட, "இது பழைய மணியா, புது மணியாண்ணே?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். முகூர்த்தம் தவறினால் யார் பதில் சொல்வது?

பாட்டி மட்டும் அசரவில்லை. அவர் இதைவிடப் பெரிய மாற்றத்தைப் பார்த்தவர். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை டோக்கியோ மணிக்கு மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரேயடியாக முன்னே போயிற்று. 1945-இல் அவர்கள் போன பிறகு பழைய மணி திரும்பியது. "ஜப்பான்காரன் ஒன்றரை மணிய எடுத்தான், போறப்போ திருப்பி வெச்சிட்டுப் போனான். இவங்க எப்ப வெப்பாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். "இது இனிமே இப்படித்தாம்மா" என்றார் அப்பா. பாட்டி வெகுநேரம் பேசவில்லை. அவருடைய அண்ணன் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் அவர் அங்கே வந்து நின்றுவிடுவார்.

இதெல்லாம் பெரியவர்கள் பாடு. எனக்கு இன்றுவரை மறக்காமல் இருப்பது சாயங்காலம் நாலு மணி.

இருட்டில் தொடங்கிய வேலை என்பதால் பகலிலேயே முடிந்துவிடும். அம்மா வந்து குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் நாலு மணி. லயம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழும். எனாமல் மங்கில் டின்பால் ஊற்றிய தேத்தண்ணி, கூடத் தொட்டுக்கொள்ள உலர்ந்த பிஸ்கட்டு. அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டு முன் அஞ்சடியில் வந்து உட்காருவார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அம்மாவின் முன்னங்கையில் காய்ந்த பால் ரோமத்தோடு ஒட்டியிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதை நகத்தால் நெம்பி, இழுத்து உரிப்பேன். ரப்பர் நூலாக நீண்டு வந்து சுருக்கென்று அறுந்துவிடும். "ஏய், வலிக்குது" என்பார், கையை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டார். உரித்ததைத் தம்பி உருட்டி, ஏற்கெனவே சேர்த்துவைத்த ஒட்டுப்பால் பந்தில் ஒட்டுவான். அந்தப் பந்தின் நாற்றம் சகிக்காது. ஆனால் கடையில் விற்ற எந்தப் பந்தும் அந்த அளவுக்கு எகிறியதில்லை.

எதிர்வீட்டு அத்தை முருங்கைக்கீரை ஆய்வார். பக்கத்து வீட்டுத் தாத்தா தமிழ் நேசனை உரக்கப் படிப்பார், எழுத்துத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யாரும் யாருக்கும் நேரம் ஒதுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கியது, ஒரே நேரத்தில் முடிந்தது. அதனால் எல்லோரும் அங்கே இருந்தார்கள். வீட்டில் சண்டை போட்டவர்கள்கூட நாலு மணிக்கு அஞ்சடிக்கு வந்துதான் ஆக வேண்டும், உள்ளே புழுக்கம்.

அந்த வேலையை நான் புகழவில்லை. கொசுக்கடி, பால் வாளி தூக்கும் காண்டா அழுத்திக் காய்த்துப் போன தோள், மழை பெய்தால் கூலி இல்லை, தோட்டத்து வேலை போனால் வீடும் போய்விடும் என்ற பயம். எங்களில் ஒருவரும் அதற்குத் திரும்பக் கூடாது என்றுதான் அப்பாவும் அம்மாவும் படிக்க வைத்தார்கள். எனக்கு ஏக்கம் அந்த நாலு மணி மேல்தான்.

பிறகு கித்தாமரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை நிலங்களிலும் சில வீடமைப்புப் பகுதிகளாயின. 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. எங்கள் கோல லங்காட் மாவட்டத்துக்குள் நெடுஞ்சாலையும் வந்துவிட்டது. ஜெஞ்சாரோம் என்று சொன்னால் இப்போது பலர், சீனப் புத்தாண்டுக்கு விளக்குகள் தொங்கும் டோங் சென் புத்த ஆலயத்தைச் சொல்கிறார்கள். நாங்களும் குடும்பத்தோடு போவோம், அவ்வளவு அழகு. 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பை இறக்குமதியை நிறுத்தியதும் அந்தக் குப்பை இங்கே வந்து குவிந்தது, இரவில் எரித்த புகை ஊரையே மூடியது. ஊர்மக்கள் விடாமல் புகார் செய்து, அரசு பல சட்டவிரோத ஆலைகளை மூடியது. அந்த மக்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. தாத்தா உரக்கப் படித்த தமிழ் நேசனும் 2019-இல் நின்றுவிட்டது. 1924-இல் தொடங்கிய பத்திரிகை.

நான் இப்போது கிள்ளானில் இருக்கிறேன். விடியுமுன் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை வழியாக அலுவலகத்துக்கு நடக்கிறேன். துண்டாடி விற்ற தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் சம்பந்தன். அம்மாவும் அதில் ஒரு பங்குதாரர். அந்தச் சாலைப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், பங்குத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தது ஞாபகம் வரும்.

வீட்டில் ஆளுக்கொரு மணி. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட்; அவர் தூங்கும் நேரத்தில் நான் சமைக்கிறேன். மகள் லண்டன் நிறுவனமொன்றின் கணக்குகளைப் பார்க்கிறாள். அவளுக்குக் காலை தொடங்குவது எங்களுக்கு மாலையில். மகன் கிரேப் ஓட்டுகிறான், அவன் நேரம் அவனுக்கே தெரியாது. சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துத்தான் யார் சாப்பிட்டார்கள், யார் இன்னும் சாப்பிடவில்லை என்று தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் உழைக்கிறார்கள், யார் மீதும் குறை சொல்ல முடியாது.

எண்பதைத் தாண்டிய அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இன்றும் இருட்டோடு எழுந்து உட்கார்ந்துகொள்வார். நாலு மணி ஆனால் தேத்தண்ணி வேண்டும், தனியாகக் குடிக்க மாட்டார். போன தீபாவளியிலிருந்து வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஞாயிறு நாலு மணிக்கு யார் எங்கிருந்தாலும் வந்துவிட வேண்டும். மகன் அந்த நேரத்துக்குச் சவாரி எடுப்பதில்லை. கணவர் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கியிருந்தால் எழுப்பிவிடுகிறோம். பந்திங்கிலிருந்து தம்பியும் வருகிறான், பிஸ்கட்டு அவன் பொறுப்பு. அம்மா பேசுவார். மகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்கிறாள். சென்ற முறை, கிராணியார் பெரட்டு மணியைத் தள்ளிய கதையை அம்மா சொன்னார். அதில் எனக்கே தெரியாத ஒன்று இருந்தது: முதல் வாரம் இரண்டு மணியும் குழம்பி, அப்பா இருட்டில் தனியாகப் பெரட்டுக் களத்தில் போய் நின்றாராம். மகள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கிள்ளான், பந்திங், கேரித் தீவு, கோல லங்காட்டுப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பால் வெட்டியவர், குலை அறுத்தவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் யாராவது இருந்தால், இந்த ஞாயிறே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்தின் பெயர், லயத்தில் யார் யார் வீடு, பெரட்டு எத்தனை மணிக்கு, வேலை விட்டு வந்து என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பல தோட்டங்களில் லயங்களை இடித்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.