வ. புதுப்பட்டியும் 0001 சால்னாவும்

தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு புதுப்பட்டி. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டி தப்பித்தது ஒரே எழுத்தால். பக்கத்து வத்திராயிருப்பின் "வ." முன்னால் ஒட்டிக்கொண்டது, குழப்பம் தீர்ந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஃபைலுக்குப் பெயர் வைக்கத் தெரிந்த ஊர் :-)

அந்தப் பக்கம் ஒரு பரோட்டா கடைக்கு மெனு கார்டு அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மகன் கேமராவும் கையுமாகக் கிளம்புகிறான். எண்ணெய் பரோட்டா, கொத்து, இரண்டு வகை சால்னா. கேமரா வைக்கும் பெயர்கள் டிஎஸ்சி 0001, 0002... இப்படித்தான் போகும். 1998-ல் ஜப்பானில் வகுத்த டிசிஎஃப் விதி அது. நாலு எழுத்து, நாலு இலக்கம். 9999 முடிந்தால் மறுபடி 0001. பழைய ஃபோல்டரிலேயே காப்பி பண்ணி, கேட்ட கேள்விக்கு அவசரத்தில் 'சரி' தட்டினால் பழைய படம் காலி.

போனால் போகட்டும், இன்னொரு பரோட்டா சுட்டுக்கலாம். சால்னாவில்தான் வில்லங்கம். காய்கறி சால்னா, கோழி சால்னா இரண்டிலும் மேலே அதே சிவப்பு எண்ணெய், அதே மல்லித்தழை. துண்டு அடியில் கிடந்தால் படத்தில் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்தவனுக்கு அன்றைக்குத் தெரியும், மூணு மாசம் கழித்து அவனுக்கே தெரியாது. கார்டு அடிக்கும் டிசைனரோ சிவகாசியில் இருப்பார், அந்தச் சால்னாவை மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். 0047-ஐ நம்பிப் பச்சைப் புள்ளி வைத்துவிடுவார். புரட்டாசி சனிக்கிழமை அந்தப் படத்தைக் காட்டி ஆர்டர் பண்ணுகிறவர் கதி?

ஆகவே முதல் சொல்லே சைவமா அசைவமா என்று இருக்கட்டும்: "அசைவம்-சால்னா-கோழி-2024-09-14-01". தேதியில் வருடம் முதலில், பிறகு மாதம், நாள். அப்போதுதான் தானாக வரிசையில் நிற்கும். பரோட்டாவா புரோட்டாவா என்ற சண்டையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். இரண்டும் கலந்தால் தேடும்போது பாதிதான் கிடைக்கும். "1/2 பிளேட்" என்று வைக்க முடியாது, நடுவில் இருக்கும் சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. "அரை" என்றே எழுதலாமே!

டிசைனருக்கு வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் வைத்த பெயரும் போகும், தரமும் குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் இரண்டும் பிழைக்கும்.

அப்புறம், விலையை ஃபைல் பெயரில் போடவே வேண்டாம். வெங்காயம் ஏறுகிற வேகத்துக்கு யார் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பது?