முந்திரி வரை இறங்கிய கணக்கு

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பலருக்குப் பிரம்புதான் ஞாபகம் வருகிறது. பிரம்பும் இருந்தது, கோதண்டம் போட்டுத் தொங்கவிடுகிற கொடுமையும் இருந்தது. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. என் மனம் போய் நிற்பது அங்கே சொல்லிக்கொடுத்த கணக்கில்.

மணலில் விரலால் எழுதிக் கை படிந்த பிறகே பிள்ளைக்கு ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். எழுத்தோடு எண்சுவடியும் தொடங்கிவிடும். ஒன்றிலிருந்து மேலே ஏறுவது ஒரு பக்கம்; ஒன்றுக்குக் கீழே இறங்குவது இன்னொரு பக்கம். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி முந்திரிக்கு வந்துவிடுவார்கள். அது ஒன்றை 320 பங்கிட்டதில் ஒரு பங்கு! பத்து வயதுக்குள் இதெல்லாம் வாயில் புரளும்.

பிறகு நெல் அளக்கும் வாய்ப்பாடான நெல்லிலக்கம். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். வெறும் மனப்பாடம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. களத்தில் நெல் குவிந்ததும் வாரம் பிரிக்கவும், வட்டி பார்க்கவும், நிலத்தின் குழி கணக்கிடவும் அந்த வாய்ப்பாடுதான் கை கொடுத்தது. ஊர் எதை அளந்து வாழ்ந்ததோ அதையே பிள்ளை படித்தது.

மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, சின்னவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்லும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் தேறின. படித்தவர்களில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. நாற்று நட்டு, கதிரறுத்து, கூலியை நெல்லாக வாங்கிய ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைப் பெரும்பாலான திண்ணைகள் ஏற்றவே இல்லை. நாழிக்கு எத்தனை உழக்கு என்பது அன்றாடம் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான். அளந்து போட்டவர் சொன்னதையே கணக்கென்று ஏற்று, முந்தானையில் முடிந்துகொண்டு போக வேண்டியிருந்தது.