கேஸ் எங்கே போச்சு?

சித்திரை பிறந்துவிட்டால் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, கார் ஏசியில கூலிங் இல்ல. கேஸ் அடிச்சு விட்டுருங்க." பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கா அது? கம்ப்ரஸர், கண்டென்சர், கூலிங் காயில் என்று அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் போகும். அதற்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ லீக். சில வண்டிகளில் கேஸ் சரியாகவே இருக்கும். கண்டென்சர் ஃபேன் ஓடாது, இல்லை கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கும்.

லீக் தேடும்போது என் கண் முதலில் போவது எண்ணெய்ப் பிசுக்கின் மேல். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்து ஓடுவதால், கசிகிற இடத்தில் பிசுபிசுத்து மண் ஒட்டியிருக்கும். பைப் இணைப்பின் ஓ-ரிங், சர்வீஸ் வால்வின் பின், கல் படும் கண்டென்சர். அங்கெல்லாம் அகப்படாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை பூசிப் பார்ப்பேன். டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் காயில்தான் பொறுமையைச் சோதிக்கும். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் மருந்து டப்பாக்களை நான் சேர்ப்பதில்லை. அது வால்வையும் சேர்த்து அடைக்கும்.

லீக்கைச் சரிசெய்த பிறகு வேக்குவம். அரை மணிக்குக் குறையாமல் பம்ப் ஓட வேண்டும். காற்றை உறிஞ்சுவது மட்டுமல்ல அதன் வேலை: அந்த வெற்றிடத்தில் நம் ஊர்ச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறையும், நாளடைவில் அமிலமாகி உள்ளே அரிக்கும். வால்வை மூடிய பின்னும் கேஜ் முள் 29 அங்குலத்தில் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிலிண்டரைத் திறப்பேன்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். இன்ஜின் நின்றிருக்க, 35 டிகிரி வெயிலில், கார் ஏசி கேஸான ஆர்-134ஏ ஏறத்தாழ 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, 200 கிராமோ 400 கிராமோ, முள் நிற்பது அங்கேதான். பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் கிராம் கணக்கு போட்டிருக்கும். "கொஞ்சம் கூடவே போடுங்கண்ணே" என்பார்கள். கூடினால் ஹை சைடு பிரஷர் ஏறி, குளிர்ச்சிதான் குறையும், கம்ப்ரஸரும் திணறும்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது எனக்குப் பொறுக்காது. ஓசோனைக் கெடுத்த ஆர்-12 என்ற முந்தைய கேஸை ஒதுக்க 1987-இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் 400 கிராமை வெளியே விட்டால் அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்ட கணக்கு. ரெக்கவரி மெஷினில் பிடித்தால் திரும்பப் பயன்படும்.

மார்கழியிலும் வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஏசியைப் போடச் சொல்கிறேன். கம்ப்ரஸர் சுற்றினால்தான் ஷாஃப்ட் சீலுக்கு எண்ணெய் போகும்.