எப்ப போறோம்?

பெரிய படம்னா தியேட்டர்லதான் பார்க்கணும்னு நான் சொன்னா, "கொஞ்ச நாள் பொறுத்தா ஃபோன்லயே வந்துடும்" என்பார் அப்பா. அவர் சொல்றதும் நியாயம். உடப்பில இருந்து கொழும்புக்குப் போனா டிக்கெட் காசோட பஸ் காசும் சேரும்.

2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340 ஆச்சு. அப்பாவோட போட் பல நாள் கரையிலயே கிடந்தது. செப்டெம்பர் 30 'பொன்னியின் செல்வன்' வந்தது. சும்மா இருந்தவரை இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் சண்டையில அவருக்குப் பாதித் தூக்கம். கடைசியில நடுக்கடலில் புயல். கப்பல் சரிஞ்சப்ப என் கையை இறுக்கிப் பிடித்தார். கடலில் என்ன நடக்கும் என்று வீட்டில் ஒருநாளும் சொல்லாத மனுஷன், வெளியே வந்து சொன்னார்: "சத்தம் அப்படித்தான் இருக்கும்."

பிறகு அதே காட்சியை ஃபோனில் காட்டினேன். "இது கடலா?" என்று திருப்பித் தந்துவிட்டார். ஃபோன்ல கதை விளங்கும். கடலுக்கு முன்னாடி நாம எவ்வளவு சின்னது என்று விளங்காது.

2023 ஏப்ரல்ல இரண்டாம் பாகம். அவர்தான் முதல்ல கேட்டார்: "எப்ப போறோம்?"