பேய்களுக்கு நம் ஊர்த் தாளம்

பேய்ச் சிரிப்புப் படம் என்று பேச்செடுத்தால் கொல்கத்தா நண்பர்கள் சத்யஜித் ராயின் ‘கூபி காய்ன் பாகா பாய்ன்’ (1969) படத்தில்தான் வந்து நிற்பார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தந்திரக் காட்சிகள் வெளுத்துவிட்டன. கைதட்டினால் விருந்து வந்து இறங்குவதற்கு இன்று குழந்தைகள்கூட அசர மாட்டார்கள். பிற்பாதி இழுக்கவும் செய்கிறது. வசனத்துக்கு வசனம் “என்ன சொல்றான்?” என்று அம்மா கேட்க, நான் தமிழில் சொல்வதற்குள் சிரிப்பு ஆறிப்போனது.

ஆனால் அந்தப் பேய் நடனம்! ஆறு நிமிடத்துக்கு மேல், வசனமே கிடையாது. ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்திக்காரர்கள் என்று பேய்களிலும் நான்கு வர்க்கம். ராஜாவுக்கு மிருதங்கம், குடியானவனுக்கு கஞ்சிரா, விறைப்பான துரைக்குக் கடம், தொந்திக்கு முகர்சிங். நம் கச்சேரி மேடையை அப்படியே பேய்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார் ராய். ஆட்டம் சண்டையாகிறது. பிறகு, செத்தவர்களுக்குள் என்ன பகை என்பதுபோல், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வரிசையில் நின்று ஆடுகின்றன.

அம்மா கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார். தொடையில் தாளம் போட்டபடி, “கடம் யாருடா, நல்லா வாசிக்கிறானே” என்றார். எனக்கு அங்கே மொழிபெயர்க்கும் வேலை இருக்கவில்லை.